நாற்பது பேர் பார்த்த திமிங்கலம்

திமிங்கலத்துக்குக் கண் எங்கே இருந்தது என்று எப்சிபா கேட்டபோது பிரின்ஸின் வாயில் அரை இட்லி இருந்தது. அதுவும் ஒரு வகையில் நல்லதாய்ப் போயிற்று. மென்று முடிக்கிற வரைக்கும் யோசிக்கலாம். ஆனால் ஒரு அரை இட்லியை எவ்வளவு நேரம்தான் மெல்ல முடியும்?

"மேல," என்றான்.

"மேலன்னா?"

"நெத்தியில. லாரிக்கு முன்னாடி ரெண்டு லைட்டு இருக்குமில்ல, அந்தக் கணக்கா."

எப்சிபா கோடு போட்ட நோட்டில் அதை எழுதிக்கொண்டாள். அந்த நோட்டில் ஏற்கெனவே பதினோரு பக்கம் நிரம்பியிருந்தது. எல்லாம் திமிங்கலம்தான். அதன் நீளம், நிறம், வால் அடித்த சத்தம், தண்ணீரைப் பீய்ச்சிய உயரம் என்று கணவன் சொல்லச் சொல்ல ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருந்தாள். அதில் ஒரு வரிகூட அவன் கண்ணால் பார்த்தது இல்லை.

அவன் திமிங்கலத்தைப் பார்க்கவே இல்லை. தூங்கிவிட்டான். திமிங்கலம் காட்டுகிறோம் என்று ஆஸ்திரேலியா வரைக்கும் கூட்டிப்போய், கடலோரத்தில் கொண்டுபோய் பஸ்ஸை நிறுத்திய பிறகும் கண்ணைத் திறக்காமல் தூங்கிய மனுசனை என்னவென்று சொல்வது? பிரின்ஸுக்கும் என்னவென்று சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை.

பிரின்ஸுக்குச் சின்னமனூர் மெயின் ரோட்டில் உரக்கடை. பூச்சிமருந்துக் கம்பெனி ஒன்று வருசா வருசம் டீலர்களுக்கு டார்கெட் வைக்கும். எட்டிப் பிடித்தவர்களை வெளிநாடு கூட்டிப்போகும். இந்த வருசம் தேனி, மதுரை, திண்டுக்கல் பக்கத்திலிருந்து நாற்பது பேர் எட்டிப் பிடித்தார்கள். ஆளுக்கு ஒரு டிக்கெட், கணவனுக்கு என்றால் மனைவிக்குக் கிடையாது.

டார்கெட்டை எட்டியவர் பிரின்ஸ் என்று கம்பெனிக் கடிதத்தில் போட்டிருந்தது. எட்டியது எப்சிபா என்பது சின்னமனூருக்கே தெரியும். பிரின்ஸ் கல்லாவில் உட்கார்ந்தால் வந்தவரோடு அரசியல் பேசுவான். வந்தவர் டீ குடித்துவிட்டு எதற்கு வந்தோம் என்பதை மறந்துபோய் வீட்டுக்குப் போய்விடுவார். எப்சிபா அப்படியில்லை. பண்ணைப்புரத்திலிருந்து ஒருவர் திராட்சை இலையைக் கிள்ளி எடுத்து வந்தால், வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, சாம்பல் நோயா செவட்டையா என்று சொல்லி, டேங்குக்கு எத்தனை மில்லி என்று அட்டையில் எழுதியும் கொடுத்து அனுப்புவாள். அவள் எழுதிக் கொடுத்த அட்டையைப் பந்தல் காலில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் தோட்டங்கள் உண்டு.

டிக்கெட் வந்தது ஜூலையில், மருந்தடிப்பு மும்முரமாக நடக்கும் நேரத்தில். யாராவது ஒருவர் கடையில் இருந்தாக வேண்டும் என்று எப்சிபாவே சொன்னாள். நீ வேண்டுமானால் போய்விட்டு வா என்று பிரின்ஸ் ஒரு தடவை சொன்னான். ஒரே ஒரு தடவைதான். இரண்டாம் தடவை சொன்னால் சரியென்று கிளம்பிவிடுவாளோ என்று பயந்து அத்தோடு நிறுத்திக்கொண்டான். அந்த ஒரு தடவையை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு முகம் சுருங்கிவிடும்.

பயணத் தாளில் இரண்டாம் நாளுக்கு நேராக 'கடலோரச் சுற்றுலா, திமிங்கலம் பார்த்தல்' என்று இருந்தது. எப்சிபா அந்த வரியில் விரலை வைத்து இரண்டு தடவை படித்தாள். அவள் பதினெட்டு வருசமாகச் சபையில் ஞாயிறு பள்ளி டீச்சர். பெரிய மீன் விழுங்கி மூன்று நாள் வயிற்றில் வைத்திருந்து கக்கிய தீர்க்கதரிசியின் கதையை வருசம் தவறாமல் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள். மலைக்கு நடுவில் பிறந்து மலைக்கு நடுவிலேயே வாக்கப்பட்டவள். கடலைப் பார்த்ததே இரண்டு தடவைதான், அதுவும் கல்யாண வேனில் போனபோது.

"எனக்குச் சாமான் ஒண்ணும் வாங்கிட்டு வர வேணாம்," என்றாள். "அத நல்லாப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லணும். நானே பாத்த மாதிரி இருக்கணும்."

இது என்ன பெரிய காரியம் என்று தலையை ஆட்டிவிட்டு விமானம் ஏறினான்.

சிட்னியில் போய் இறங்கிய மறுநாள் அதிகாலை நாலரைக்குப் பஸ். அங்கே நாலரை என்றால் நம் சின்னமனூரில் சரியாக நடுச்சாமம். ஊர் விட்டு ஊர் போனாலும் உடம்புக்குச் சின்னமனூர்க் கணக்குத்தான் தெரியும். வெளியே எலும்பைக் கடிக்கும் குளிர். பஸ்ஸுக்குள்ளே கதகதவென்று ஹீட்டர். ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைப் போர்த்தி, மங்கி குல்லாவைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு பிரின்ஸ் சன்னலோரம் சாய்ந்தான். கண்ணை மூடியது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. திறந்தபோது வெயில் முகத்தில் சுள்ளென்று அடித்தது. பஸ் ஓடிக்கொண்டிருந்தது. கடல் பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

போகிறோமா வருகிறோமா என்று அவனுக்குச் சந்தேகம். கைக்கடிகாரத்தைப் பார்த்தான், பகல் மணி பன்னிரண்டு. பக்கத்து சீட்டில் கம்பம் உரக்கடை முத்துவீரன் நிமிர்ந்து உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தார். சீவி முடித்துச் சீப்பைப் பையில் வைத்துவிட்டு, பிரின்ஸ் பக்கம் திரும்பினார்.

"எத்தன பாத்தீக?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும். ஆனால் நாற்பது பேர் கம்பம் பள்ளத்தாக்கு பூராவும் சொல்லிச் சிரிப்பார்களே, அதற்கு யார் பதில் சொல்வது?

"நாலஞ்சு இருக்கும்," என்றான்.

"எனக்கும் அம்புட்டுத்தான்," என்றார் முத்துவீரன்.

ஓட்டலுக்குத் திரும்பி, ஊரிலிருந்து கூட வந்த மாஸ்டர் ஆக்கிய சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் பேச்செல்லாம் திமிங்கலம்தான். திண்டுக்கல்காரர் வால் அடித்த சத்தத்தைப் பற்றிச் சொன்னார். ஆண்டிபட்டிக்காரர் தாயும் குட்டியும் உரசிக்கொண்டு போன அழகைச் சொன்னார். உசிலம்பட்டிக்காரர் தண்ணீர் மூன்று பனை உயரம் எழும்பியது என்று கையை மேலே தூக்கிக் காட்டினார். பிரின்ஸ் ஒரு மூலையில் உட்கார்ந்து அத்தனையையும் மனசில் ஏற்றிக்கொண்டான். பாடம் நடந்த அன்றைக்கு லீவு போட்ட பையன் மற்றவன் நோட்டைப் பார்த்து எழுதுகிற நிலைமை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் எப்சிபாவிடம் வெறுங்கையோடு போக முடியாதே.

ஊருக்கு வந்து அதையெல்லாம் சொன்னான். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே சொன்னான். வால் சத்தத்துக்கு மேசையைத் தட்டிக்கூடக் காட்டினான். எப்சிபா கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். கேட்டு முடித்ததும் நோட்டை எடுத்தாள். அங்கேதான் வந்தது வினை.

அவள் ஞாயிறு பள்ளியில் போய்ச் சொன்னாள். பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். அதிலும் ஜெபஷீலா என்று ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். ஒன்று சொன்னால் ஒன்பது கேட்பாள். ஒவ்வொரு வாரமும் அவள் கேட்ட கேள்விகளை எப்சிபா வீட்டுக்குக் கொண்டுவருவாள். பிரின்ஸ் சாப்பிடும் நேரம் பார்த்துக் கேட்பாள். கண் எங்கே என்ற கேள்வியும் ஜெபஷீலா கேட்டதுதான்.

கண் நெற்றியில் என்று சொல்லி அனுப்பிய மறுவாரமே அடுத்தது வந்தது. பாறை மேல் நின்று பார்த்ததாகச் சொன்னவருக்குக் கடலுக்குள் கிடக்கும் மீனின் கண் எப்படித் தெரிந்தது என்று ஜெபஷீலா கேட்கிறாளாம்.

"பாறையில இருந்துதான் மொதல்ல பாத்தோம்," என்றான் பிரின்ஸ். "பெறகு படகுல கூட்டிட்டுப் போனாக."

இதைச் சொல்லி முடித்ததும் தப்பு பண்ணிவிட்டோம் என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. எப்சிபா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"படகுலயா? லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மல ஏறுனா மூணாவது வளைவுலயே பையத் தேடுவீக. கடலுக்குள்ள எப்பிடித் தாங்குனீக?"

நியாயமான கேள்வி. அவனுக்கு வாந்தி வந்ததைத் துடைத்து எடுத்தவளே அவள்தான். மாத்திரை போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எலுமிச்சம்பழம் மோந்தேன் என்று சொல்லியிருக்கலாம். எதுவும் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

"ஜெபம் பண்ணுனேன்," என்றான்.

எப்சிபாவின் கண் கலங்கிவிட்டது. பிரின்ஸ் சபைக்கு வருவதே கிறிஸ்துமசுக்கும் ஈஸ்டருக்கும்தான். வந்தாலும் பிரசங்கம் முடிகிற வரைக்கும் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிற ஆள். அந்த மனுசன் நடுக்கடலில் கண்ணை மூடி ஜெபம் பண்ணினான் என்றால் பதினெட்டு வருசத்து வேண்டுதல் வீண்போகவில்லை என்றுதானே அவள் நினைப்பாள். வியாழக்கிழமை பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் அதைச் சொல்லி அழுதாள். கேட்ட பெண்களும் அழுதார்கள். வெள்ளிக்கிழமை காலையில் குருவானவர் கடைக்கே வந்துவிட்டார்.

அந்தச் சபையில் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பண்டிகைக்குப் பண்டிகை ஒருவர் முன்னால் வந்து, கடவுள் தனக்குச் செய்ததைச் சொல்வார். அதற்குச் சாட்சி என்று பேர். போன வருசம் கிணற்றில் விழுந்து பிழைத்தவர் சொன்னார். அதற்கு முந்தின வருசம் சிறுநீரகக் கல் தானாகக் கரைந்தவர். இந்த வருசம் பிரின்ஸ் சொல்ல வேண்டும் என்றார் குருவானவர். புயலும் படகும் ஜெபமும் கேட்கிற பிள்ளைகளுக்கு மறக்காதாம். புயல் எப்போது வந்து சேர்ந்தது என்று பிரின்ஸுக்குத் தெரியவில்லை. பெண்கள் ஐக்கியத்தில் யாராவது சேர்த்திருக்க வேண்டும்.

எனக்குப் பேச வராது என்று பிரின்ஸ் சொல்லிப் பார்த்தான். உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும், அதுதான் சாட்சி என்று அவர் சொன்னார். அது பிரின்ஸுக்கு எங்கே போய்க் குத்தியது என்று அவருக்குத் தெரியாது. தப்பிக்க ஒரு வழி வேண்டுமே என்று அவன் முத்துவீரன் பேரை எடுத்தான். கம்பத்து முத்துவீரன் அண்ணன் பக்கத்திலேயே இருந்தார், நன்றாகப் பேசக் கூடியவர், என்ன, அவர் முருகனைக் கும்பிடுகிறவர், சபைக்குச் சரிப்படாது என்று இழுத்தான். குருவானவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதனாலென்ன, அன்றைக்கு அசன விருந்து இருக்கிறது, ஊர் முழுக்க வந்து சாப்பிடப் போகிறது, அவரையும் நானே கூப்பிடுகிறேன், ஒன்றுக்கு இரண்டு பேராகச் சொன்னால் இன்னும் பலம் என்று சொல்லிவிட்டு, ரோஜாச் செடிக்கு மருந்தும் வாங்கிக்கொண்டு போனார்.

பிரின்ஸ் கடையை விட்டு இறங்கி நேராகக் கம்பம் பஸ்ஸில் ஏறினான். முத்துவீரன் காலில் விழுந்தாவது வர வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். பக்கத்து சீட்டில் வாயைத் திறந்துபோட்டுத் தூங்கியவனை அவர் பார்க்காமலா இருந்திருப்பார்? அன்றைக்கு எத்தன பாத்தீக என்று கேட்டதே ஆழம் பார்க்கத்தான் என்று இப்போது அவனுக்குப் பட்டது.

கடையில் முத்துவீரன் மனைவி அன்னத்தாய் மட்டும் இருந்தாள். முதலாளி நாற்காலிக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் பாதி குடித்த டீயில் ஆவி பறந்தது. வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது.

"லோயர் கேம்ப்பு வரைக்கும் போயிருக்காக," என்றாள் அன்னத்தாய்.

வெறுங்காலோடா என்று கேட்க பிரின்ஸுக்கு வாய் வரவில்லை. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். "தப்பா நெனைக்காதீக தம்பி. ஆஸ்திரேலியா போயிட்டு வந்ததுலருந்து உங்க பேர எடுத்தாலே அவுக மொகம் ஒரு மாதிரி ஆயிருது. அங்கன ஏதும் மனஸ்தாபமா?"

அப்படி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். மனுசன் தன் முகத்தில் முழிக்கவே கூசிப் பின்வாசல் வழியாக ஓடுகிறார் என்றால், தன் யோக்கியதை கம்பம் வரைக்கும் தெரிந்துபோயிற்று என்றுதானே அர்த்தம்? போனில் கூப்பிட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஞாயித்துக்கிழமை சிரமப்பட்டு வர வேணாம் அண்ணே என்று வாட்ஸப்பில் போட்டான். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் சனிக்கிழமை, சபை ஹாலில் எப்சிபாவும் பிள்ளைகளும் தெர்மாகோலில் திமிங்கலம் செய்துகொண்டிருந்தார்கள். பன்னிரண்டு அடி நீளம். மறுநாள் பிரின்ஸ் அதற்கு முன்னால் நின்றுதான் சாட்சி சொல்ல வேண்டும். அவன் பிள்ளைகளுக்கு முறுக்கு கொண்டுபோனபோது அங்கே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஜெபஷீலா பள்ளிக்கூடத்துப் புத்தகம் ஒன்றைத் திறந்து பிடித்திருந்தாள். அதில் திமிங்கலத்தின் கண் வாயோரத்தில், பக்கவாட்டில், சின்னதாக இருந்தது. தெர்மாகோலிலும் அவள் அப்படியே ஒட்டிவைத்திருந்தாள்.

"எடுத்து நெத்தியில ஒட்டு," என்று எப்சிபா அவளிடம் சொன்னாள். "புஸ்தகம் எழுதுனவுக எங்கன உக்காந்து எழுதுனாகளோ. எங்க வீட்டுக்காரர் படகுல போயி நேருல பாத்தவரு."

ஜெபஷீலா பிரின்ஸ் பக்கம் திரும்பினாள். "நெசமாவா மாமா?"

பிரின்ஸ் தலையை ஆட்டினான். அந்தப் பிள்ளை பிய்ந்துவிடாதபடி கண்ணை உரித்து எடுத்து, ஸ்டூலில் ஏறி, நெற்றியில் லாரி லைட் மாதிரி ஒட்டிவிட்டு இறங்கினாள். புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். சரியாகப் படித்தவளைத் தப்பாகத் திருத்தவைத்துவிட்டோமே என்று பிரின்ஸுக்கு உறுத்தியது. முறுக்குத் தட்டை வைத்துவிட்டு வெளியே போய் நின்றான்.

சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது எப்சிபா தானாகவே பேசினாள். நீங்கள் கிளம்பிய அன்றைக்கு எனக்கு அழுகையாக வந்தது, சொல்லவில்லை, கடைக்குள் மூட்டைகளுக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன் என்றாள். பதினெட்டு வருசமாகப் பார்க்காத ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமே, ஒரு தடவை நேரில் பார்த்தால் என்ன என்று இருந்ததாம்.

"இப்ப அந்தக் கொற இல்லங்க," என்றாள். "நீங்க சொல்லச் சொல்ல நானே பாத்துட்டேன்."

அவளை அடித்திருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது என்று பிரின்ஸ் நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சபைக் கோயில் நிரம்பி வழிந்தது. வாழைத்தாரும் பூசணிக்காயும் திராட்சைக் கூடையும் பீடத்துக்கு முன்னால் குவிந்திருந்தன. முதலில் பிள்ளைகள் பத்துக் கட்டளைகளையும் ஒப்பித்தார்கள். ஒன்பதாவது கட்டளை பொய்ச்சாட்சி பற்றியது. அதை மட்டும் அவர்கள் ஏன் அவ்வளவு சத்தமாகச் சொன்னார்கள் என்று பிரின்ஸுக்குப் புரியவில்லை. பிறகு குருவானவர் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

எழுந்து போனான். பின்னால் பன்னிரண்டு அடித் திமிங்கலம் நெற்றிக் கண்களால் முறைத்துக்கொண்டு கிடந்தது. முன்வரிசையில் எப்சிபா புதுச் சேலை கட்டி, நோட்டை மடியில் விரித்து வைத்திருந்தாள். அவன் ஏதாவது விட்டுவிட்டால் எடுத்துக் கொடுப்பதற்காம். பக்கத்தில் ஜெபஷீலா. கடைசி பெஞ்சில், வராமல் இருந்துவிடுவார் என்று அவன் நம்பிய முத்துவீரன், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

சபையோருக்கு ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்தான். ஆஸ்திரேலியாவுக்குப் போனோம் என்றான். அதிகாலையில் பஸ் ஏறினோம் என்றான். அது வரைக்கும் உண்மை. அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. எப்சிபா நோட்டைப் பார்த்து, "வாலு," என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தாள்.

"வாலும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றான் பிரின்ஸ். மைக் அதை வெளியே டீக்கடை வரைக்கும் கொண்டுபோயிற்று. "நான் திமிங்கலத்தப் பாக்கல. பஸ்ஸுலயே தூங்கிட்டேன். படகுமில்ல, பொயலுமில்ல, ஜெபமும் பண்ணல. கூட வந்தவுக பேசுனதக் கேட்டு, நான் பாத்த மாதிரி எம் பொஞ்சாதிக்குச் சொன்னேன். அந்த டிக்கெட்டே அவ சம்பாதிச்சது. அவ போயிருந்தா முழிச்சிருந்து பாத்திருப்பா."

அப்புறம் ஜெபஷீலாவைப் பார்த்தான். "கண்ணு நீ ஒட்டுன எடந்தான் பாப்பா. நான் சொன்னது தப்பு."

பின்னால் எங்கேயோ ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து, இருமலாக மாற்றிக்கொண்டார். குருவானவர் எழுந்து, நாம் எல்லாரும் கண்களை மூடி ஜெபிப்போம் என்றார். அவரால் வேறென்ன சொல்ல முடியும்? பிரின்ஸ் கண்ணை மூடவில்லை. எப்சிபா நோட்டை மூடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவள் முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. ஆமென் சொன்னதும் எழுந்து பக்கத்து வாசல் வழியாகப் பந்தலுக்குப் போய்விட்டாள்.

அசனப் பந்தலில் அவளுக்குச் சோறு பரிமாறுகிற வேலை. பெரிய சோற்றுக் கிடாரத்துக்குப் பக்கத்தில் அன்னக்கூடையோடு நின்றாள். வரிசையில் வந்தவர்கள் எல்லாரும் பிரின்ஸைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். இழவு வீட்டுக்காரனுக்கு விடுகிற மாதிரி இருந்தது. தட்டை ஏந்திக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றான்.

அவள் ஒரு கரண்டி போட்டாள். அவன் மன்னித்துக்கொள் என்றான். இரண்டாவது கரண்டி போட்டாள். உன்னை ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை, உன் ஆசையைக் கெடுத்துவிட்டேனே என்ற வெட்கத்தில்தான் வாயில் பொய் வந்தது என்றான். மூன்றாவது கரண்டி போட்டாள். தட்டில் சோறு மலையாக நின்றது. போதும் என்று சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. நாலாவது கரண்டியைக் கிடாரத்துக்குள் விட்டவள் அப்படியே நிறுத்தினாள்.

"தூங்குனதக்கூட விட்டுருதேன்," என்றாள். சத்தம் போடவில்லை. ஆனால் பந்தலே கேட்டது. "மனுசன் அசதியில தூங்குவான். நாப்பது பேரு போனீக. முப்பத்தொம்போது பேரு முழிச்சிருந்து பாத்துட்டு வந்து, அவுகவுக வீட்டுல நெசத்தச் சொல்லிருக்காக. தூங்குன அந்த ஒத்த ஆளுதானா எனக்குன்னு வந்து வாய்க்கணும்?"

பிரின்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவள் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. கை கழுவுகிற குழாயடியில் முத்துவீரன் அவசர அவசரமாகக் கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் இன்னும் சாப்பிடவே இல்லை.

கிடாரத்துக்கு அந்தப் பக்கம் சாம்பார் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தவர் போடி முத்துக்கருப்பன் மாஸ்டர். இந்தப் பக்கத்து அசன விருந்துக்கெல்லாம் அவர்தான் சமையல். வெளிநாடு போகும் கூட்டத்துக்கு ஊர்ச் சாப்பாடு வேண்டும் என்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் கூடவே கூட்டிப்போவதும் அவரைத்தான். ஆஸ்திரேலியாவிலும் நாற்பது பேருக்கு மூன்று வேளையும் ஆக்கிப்போட்டவர் அவர்தான். அவர் அகப்பையில் ஒட்டியதை அண்டாவின் விளிம்பில் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"எந்த முப்பத்தொம்போது பேரச் சொல்றீகக்கா? அன்னைக்கிப் பஸ்ஸ விட்டு எறங்குனதே நானும் டிரைவரும் மட்டுந்தான்."